ஹாஜி ஃபக்ரியின் நெட்வொர்க் கார்டு

திருப்புளியைப் பல்லில் கடித்தபடி, கறுப்பு உடையின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, நுஹா மேசைக்கடியில் தவழ்ந்துபோனாள். கையெட்டும் தூரத்தில், கட்டிலின்மேல், குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்த அவள் அப்பா ஹாஜி ஃபக்ரி படுத்திருந்தார். அன்று காலையில் காலமானவர். தன் கம்ப்யூட்டரின் குடலை ஒருத்தி இப்படி உருவிப் போட்டிருப்பதைப் பார்த்தும் அவர் வாய் திறக்காததிலிருந்தே, டாக்டர் சொன்னது உண்மைதான் என்று குடும்பம் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பச்சை லைட் எரியுதா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"எரியல," என்றான் அவள் கணவன் பஹ்கத். அவன் காதில் டெலிபோன் இருந்தது. "இல்ல ஆசிம், உன்கிட்ட சொல்லல, உன் அக்காகிட்ட சொன்னேன். உனக்கும் அதே பதில்தான். எரியல."

ஆசிம் அவள் தம்பி. மாண்ட்ரியலில் இருந்தான். எந்த விமானத்தைப் பிடித்தாலும் அடக்கத்துக்கு வந்து சேர வழியில்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஜனாஸாவைத் தூக்கவேண்டும் என்று சித்தப்பா ரிஸ்க் சொல்லிவிட்டார். அதற்குள் அப்பா முகத்தை ஒருமுறை காட்டுங்கள் என்று மட்டும்தான் ஆசிம் கேட்டிருந்தான்.

காட்டுவதற்கு எல்லாமே அந்த அறையில் இருந்தன. கம்ப்யூட்டரின் தலைமேல் கண்ணுமுழி மாதிரி ஒரு கேமரா. வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவும் மகனும் அதன் வழியே ஒருவரை ஒருவர் பார்த்துப் பேரம் பேசுவார்கள். அப்பா பொத்தான் வியாபாரி, முஸ்கி கடைத்தெருவில் கடை. பேரம் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. "ஊருக்கு வா, ஒரு மாசம் இரு" என்பார். "ஒரு வாரம்" என்பான் மகன். "மூணு வாரம், கடைசி விலை." "பத்து நாள், அதுவும் உங்க முகத்துக்காக." "போடா, உன் சரக்கே எனக்கு வேணாம்" என்று அப்பா எழுந்து போவதுபோல் பாவனை செய்வார், அவன் திரும்பக் கூப்பிடுவான். எட்டு வருடமாக அந்தப் பேரம் படியவில்லை. இருவருக்கும் அதில் நஷ்டம் இருந்ததாகவும் தெரியவில்லை.

இன்றைக்குப் பார்த்து, கம்ப்யூட்டர் முதுகில் ஒயர் சொருகுகிற இடத்தில் எரியவேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை.

சந்தேகம் நேராக நெட்வொர்க் கார்டின்மேல் விழுந்தது. விழாமல் எப்படி? அது அப்பா வாங்கிய கார்டு. பழைய சாமான் கடைக்காரனிடம் மதியம் லுஹருக்கு முன்னால் பேச ஆரம்பித்து, பொழுதடைந்து மஃரிபுக்குப் பின்னால் முடித்து வாங்கியது. கடைசியில் அந்த ஆள், "ஹாஜி, கார்டை எடுத்துக்கோங்க, என்னை விட்டுடுங்க" என்று கும்பிட்டானாம். டப்பா கிடையாது, ரசீது கிடையாது. கடலை மடிக்கிற காகிதத்தில் மடித்து வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் என்ன கெட்டுப்போனாலும், குளிர்சாதனப் பெட்டி உட்பட, பழி கார்டின்மேல்தான்.

"லைன்ல கோளாறு இருக்குமோ?" என்றாள் நுஹா.

"லைனா? நேத்து ராத்திரிகூட மூணாம் மாடிப் பசங்க நெட்ல சுட்டு விளையாடுற சத்தம் கேட்டுச்சே. லைன் தங்கமா இருக்கு. உங்கப்பா வாங்கின இந்தக் கார்டுதான்... அல்லா அவருக்கு ரஹ்மத் செய்யட்டும், மலிவா வாங்கிட்டாரு."

கார்டைக் கழற்றினார்கள். அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தார்கள். ஊதினார்கள். வேறு பள்ளத்தில் சொருகினார்கள். கம்ப்யூட்டரை எழுப்பினால், 'கார்டு நலமாக இருக்கிறது, ஒயர்தான் சொருகவில்லை' என்று அது அடம்பிடித்தது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினார்கள். அது மறுபடி அதையே சொன்னது.

"பொய் சொல்லுது," என்றான் பஹ்கத். அவன் குளிர்சாதனப் பெட்டி உதிரிபாகம் விற்பவன். இயந்திரம் சொல்வதை நம்பிக் கெட்டவன்.

இவ்வளவுக்கும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் ஐந்தாம் மாடி மோரிஸ். அப்பாவோடு முப்பது வருடம் தாயம் உருட்டியவர். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்தார். சர்க்கரையில்லாத காப்பியைக் கையில் வாங்குமுன்பே யாரோ டார்ச்சைத் திணித்துவிட்டார்கள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. சாவு வீட்டில் கேள்வி கேட்பது அவர் பழக்கமில்லை. நுஹா எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாளோ அந்தப் பக்கம் மரியாதையாக வெளிச்சம் அடித்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரிஸ்க் சித்தப்பா வந்தார். கட்டிலைப் பார்த்தார். தரையில் பரப்பிக் கிடந்த திருகாணிகளைப் பார்த்தார்.

"யா அல்லா! மய்யித்து வீடா இது, மெக்கானிக் கடையா? எழுந்திரு நுஹா. பள்ளிவாசல்ல ஆள் சேர்ந்துட்டாங்க. சந்தூக்குப் பெட்டி கீழ வந்துடுச்சு."

"மஃரிப் வரைக்கும் டைம் குடுங்க சித்தப்பா," என்று மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

"மஃரிபா? புத்தி இருக்கா உனக்கு? அஸர்! தொழுதவுடனே தூக்கணும்."

"சரி, அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவுல."

"பொண்ணே, என் அண்ணனை வெச்சுக்கிட்டு என்கிட்டயே பேரமா?"

"அவர் சொல்லிக்குடுத்ததுதானே. நீங்க ஒரு விலை சொல்லுங்க."

ரிஸ்கும் பொத்தான் கடையில் வளர்ந்தவர்தான். விலை சொல்லுங்க என்று ஒருத்தி கேட்டபின் வாய் சும்மா இருக்குமா? "பாங்கு சொல்றவரைக்கும்," என்றார். சொன்னபிறகுதான் இறங்கிவிட்டோம் என்று உறைத்தது.

"பாங்கு சொல்லி, எல்லாரும் கைகால் கழுவி ஒளு செஞ்சு முடிக்கிறவரைக்கும்."

"பாங்கு முடியிறவரைக்கும். அதுக்குமேல உங்கப்பாவே எழுந்து கேட்டாலும் கிடையாது."

நுஹா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டாள். முதலிலிருந்தே அவள் குறிவைத்த விலை அதுதான் என்பது ரிஸ்குக்குத் தெரியாது.

கார்டு மறுபடி கழன்றது, மறுபடி ஏறியது. டெலிபோனில் ஆசிமின் மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பஹ்கத் அவ்வப்போது, "இருக்கியா? இரு, இரு," என்றான்.

நுஹா மெல்ல வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். மூக்கில் கரி. அழுவதற்கு இதுவரை நேரம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, "மோரிஸ் மாமா, மேல உங்க வீட்டுல நெட் நல்லா வேலை செய்யுதுல்ல?" என்றாள்.

அந்தக் கட்டடத்தில் இணையம் என்பது மோரிஸ் வீட்டில் ஊறி, காற்றுக்குழி வழியாகத் தொங்கும் ஒயர்களில் வீடு வீடாக இறங்குகிற பொருள். எல்லாரும் பங்குக்காரர்கள், பெட்டி அவர் வீட்டு அலமாரிமேல்.

"எங்க வீட்டுலயா? இல்லியேம்மா," என்றார் மோரிஸ்.

"ஏன்?"

"அணைச்சுட்டேனே. காலையில சேதி கேட்ட உடனே பெட்டியைப் பிடுங்கிட்டேன்." அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "கட்டடத்துல மய்யித்து கிடக்கும்போது மூணாம் மாடிப் பசங்க பாட்டும் விளையாட்டுமா இருந்தா என் மனசு தாங்குமா? நம்ம ஹாஜிக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி? நாப்பது நாளும் போடறதா இல்ல. பசங்க வந்து கெஞ்சினானுங்க. அடிச்சு விரட்டிட்டேன்."

டார்ச் வெளிச்சம் கார்டின்மேல் நின்றது. உலகத்திலேயே மிகச் சுத்தமான கார்டு அது.

"மாமா," என்றாள் நுஹா. "இவ்வளவு நேரமா எங்களுக்கு டார்ச் பிடிச்சீங்களே!"

"பிடிச்சேன். கார்டு ரிப்பேர் பண்றீங்கன்னு பிடிச்சேன். துக்கத்துல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு செய்வாங்கம்மா. எங்கப்பா போன அன்னிக்கு நான் சமையலறைக் குழாயைக் கழட்டிட்டேன். யாரும் என்னை ஏன்னு கேக்கல."

முதலில் சிரித்தது ரிஸ்க். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார், ஆனால் தோள் குலுங்கியது. பிறகு பஹ்கத். பிறகு டெலிபோனுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம். சிரிப்பு கூடத்துக்குக் கேட்டுவிட, அங்கிருந்த பெண்கள், வீட்டு மானத்தைக் காப்பாற்றவேண்டுமென்று ஒப்பாரியை ஒரு சுதி ஏற்றினார்கள்.

"ஆசிம் பாக்கணும் மாமா," என்றாள் நுஹா. "அப்பா முகத்தை. அதுக்குத்தான்."

மோரிஸின் முகம் மாறியது. டார்ச்சைக் கட்டிலில் ஹாஜியின் காலடியில் வைத்துவிட்டு, கோட்டோடு ஓடினார். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் அவர் தன் முழங்காலைத் திட்டுவது கேட்டது. பாதி வழியில் பாங்கு ஆரம்பித்தது.

ரிஸ்க் கதவருகே நின்று ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் திருப்பிச் சொன்னார். நுஹா கம்ப்யூட்டரின் பின்னால் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள். பாங்கின் கடைசிச் சொல் முடிந்தது. விளக்கு எரியவில்லை. அவள் ரிஸ்கைப் பார்க்கவில்லை.

"அந்தப் பள்ளியில எப்பவும் முந்திச் சொல்லிடுவாங்க," என்றார் ரிஸ்க் பொதுவாக. "அடுத்த தெருப் பள்ளியிலதான் சரியான நேரம்."

அடுத்த தெருப் பாங்கு நடுவில் இருக்கும்போது, பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டி, நின்று எரிந்தது.

"எரியுது!" என்று நுஹா கத்தினாள். கூடத்தில் ஒப்பாரி தடுமாறியது.

திரையில் ஆசிம் வந்தான், கட்டம் கட்டமாக, முதலில் ஒரு காது, பிறகு கண்ணாடி, பிறகு மற்றதெல்லாம். அங்கே காலை நேரம். முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். நுஹா கேமராவைப் பிடுங்கி, ஒயர் போதாமல், மேசையையே கட்டிலருகே இழுத்தாள்.

"விட்டத்தைக் காட்டுற அக்கா. இன்னும் கீழ. கீழ."

காட்டினாள்.

ஆசிம் திரைக்கு மிக அருகில் குனிந்தான். அவன் உதடு அசைந்தது, குரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"மீசையை யாரு இப்படிக் கீழ வாரிவிட்டது?"

"நான்தான்டா," என்றார் ரிஸ்க்.

"அப்பா மேல பாத்துத்தானே வெச்சுக்குவாரு, சித்தப்பா."

ரிஸ்க் கட்டிலின் ஓரம் உட்கார்ந்தார். பெருவிரலை நாக்கில் தொட்டு, அண்ணனின் மீசையை வலப்பக்கம் மேலே தள்ளினார், பிறகு இடப்பக்கம். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கத்தை இன்னொரு தடவை.

"இப்ப?"

கீழே தெருவில் யாரோ ரிஸ்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. திரையில் ஆசிம் இமைகூட அசையாமல் இருந்தான்.

"படம் நின்னுபோச்சா?" என்று ரிஸ்க் மெதுவாகக் கேட்டார். "மறுபடியும் கார்டா?"

நுஹா கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஆசிமுக்குப் பின்னால், ஜன்னலில், மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்து நின்று, கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பிப் போனது.