பேப்பர் சுற்றிய பார்சல்

மாரெட்பள்ளித் தமிழ்ச் சபையில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் கேக்கைவிட முக்கியம் பிடுங்கல் ஆட்டம்தான். ஆளுக்கொரு பரிசைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துவிட வேண்டும். அதில் பெயர் எழுதக் கூடாது. பிறகு சீட்டு எடுத்து, எண் வருகிற வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து போக வேண்டும். ஒன்று, புதிதாக ஒரு பார்சலை எடுத்து அங்கேயே எல்லோர் முன்னாலும் பிரிக்கலாம். இல்லாவிட்டால், முன்னால் போனவர் பிரித்து வைத்திருப்பதைப் பிடுங்கிக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் சிரித்த முகமாய் வேறொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். சிரித்த முகம் என்பதும் சட்டம்தான். ஞாயிறுதோறும் அன்பைப் பற்றியே கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு, வருஷத்தில் ஒரு மாலையாவது பகிரங்கமாய்ப் பிடுங்கித் தின்ன அனுமதி வேண்டாமா?

பரிசைப் பழைய செய்தித்தாளில்தான் சுற்ற வேண்டும் என்பது இன்னொரு விதி. அதைக் கொண்டுவந்தவள் ஜெயசுந்தரியின் மகள் பிளெசி. ஜிகினாப் பேப்பரைப் பார்த்தே வசதியான வீட்டுப் பார்சல் எது என்று மோப்பம் பிடித்து எல்லோரும் அதற்கே அடித்துக்கொள்கிறார்கள் என்று வாலிபர் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தாள். போன வருஷம் விருந்துக்கு முந்தின வாரம், மாதாப்பூரில் ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவளைத் தண்ணீர் லாரி ஒன்று அடித்துப் போட்டது. அந்த வருஷம் விருந்து நடக்கவில்லை. அவள் போட்ட விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

அவளுடைய அலமாரியை ஒழித்தபோது ஜெயசுந்தரியின் கையில் ஒரு பார்சல் கிடைத்தது. செய்தித்தாள் சுற்றி, சிவப்பு உல்லன் நூல் கட்டியிருந்தது. பெயர் இல்லை. தனக்குத்தான் என்று ஜெயசுந்தரி முடிவு செய்துகொண்டாள். பிரிக்க மனம் வரவில்லை. பிரித்துவிட்டால் மகள் கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்து முடித்துவிட்டாள் என்று ஆகிவிடும். பிரிக்காதவரை அவளிடமிருந்து இன்னும் ஒன்று வர வேண்டியிருக்கிறது.

கணவர் தியோடரிடம் அவள் சொல்லவில்லை. அவர் பொறுமையில்லாத மனுஷர், கையில் வாங்கிய நிமிஷமே பிரித்துவிடுவார் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். நிஜக் காரணம் வேறு. உள்ளே இருப்பது அவருக்கு உரியதாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பெற்ற மகள் விஷயத்தில் கட்டின புருஷனிடமே கள்ளத்தனம் செய்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மத்தியானங்களில் அவர் கண்ணயரும்போது அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேல்பக்கம் நகைக்கடை விளம்பரப் பெண் ஒருத்தி சிரிப்பாள். அவளுடைய ஒரு கண் மடிப்புக்குள் போயிருக்கும்.

தியோடர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். சபைப் பாடகர் குழுவில் கட்டைக் குரல் வரிசைக்கு அவர்தான் தூண். பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப்போன பிறகும் பாட்டை விடவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் பிளெசி அவருக்கு டை கட்டிவிடுவாள். அவள் போடும் முடிச்சு எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். புனேயில் வேலை கிடைத்து ஜனவரியில் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோதுகூட, "அப்போ அடுத்த கிறிஸ்துமஸுக்கு என் டையை யாரும்மா கட்டுவா?" என்றுதான் கேட்டார். "அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் போவேன் டாடி" என்றாள்.

அவள் போனபின் அவர் பாடவே இல்லை. இந்த வருஷம் ஜெயசுந்தரி ஒரு தரம் அவருக்கு டை கட்டிப் பார்த்தாள். சுருட்டி இழுத்துக் கயிறு மாதிரி ஆக்கிவிட்டாள். அவர் கழற்றி வைத்தார். அடுத்தவரிடம் கழுத்தை நீட்டவும் அவருக்குப் பிடிக்காது. டை இல்லாமல் வரிசையில் நிற்கக் கூடாதென்று சபையில் சட்டம் கிடையாது. தியோடருக்கு இருந்தது. "பாட்டு நக்கோ, வேணாம். வெறும் பார்ட்டிக்கு வர்றேன்" என்று சம்மதித்ததே பெரிய காரியம்.

விருந்தன்று ஜெயசுந்தரி கட்லெட் பொரிக்க முன்னாலேயே ஹாலுக்கு வந்துவிட்டாள். ஆட்டத்துக்கென்று தலையணை உறைகளைச் சுற்றி பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். அதை எடுத்துவர மறந்துபோய், போனில் அவரிடம் சொன்னாள்: "பீரோல பேப்பர் சுத்தின பார்சல் இருக்கு, எடுத்துட்டு வாங்க." கீழ்த்தட்டு என்று சொல்லவில்லை.

வந்தவர் மரத்தடியில் தன் பரிசோடு அந்தப் பார்சலையும் வைத்துவிட்டு அவளிடம் வந்தார். "உன் பொடவைங்க கொஞ்சம் கலஞ்சிபோச்சு சுந்தரி. திட்டாத."

கீழ்த்தட்டில் ஜெயசுந்தரி புடவையே வைப்பதில்லை. கை மாவைக்கூடத் துடைக்காமல் மரத்தடிக்குப் போனாள். பார்சல் குவியலின் ஓரத்தில் ஒற்றைக் கண்ணோடு அந்த நகைக்கடைப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். குனிந்து எடுக்கப் போனபோது ஆட்டத்தை நடத்துகிற பிளஸ்ஸன் மைக்கில் கத்தினான்.

"ஆன்ட்டி! தொட்டுப் பாக்க நக்கோ! சீட்டிங் சீட்டிங்!"

ஹாலே சிரித்தது. கையை இழுத்துக்கொண்டாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லோரும் எழுந்து நின்று எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் தியோடர் கேட்பாரே, என்ன பார்சல், எப்போது கிடைத்தது, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று. அவர் பழைய பாட்டுக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தன் எண் வரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாதே என்று ஜெபித்தாள். ஆண்டவரிடம் இப்படி அற்பத்தனமாய் அவள் எதையும் கேட்டதில்லை.

சீட்டில் அவள் எண் கடைசிக்கு முந்தினது. தியோடருடையதுதான் கடைசி. சுவர்க்கடிகாரத்துக்கு மூன்று குடும்பம் அடித்துக்கொண்டது. ஹாட்பாக்ஸ் ஒன்று கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருவர் எழுந்தபோதும் அவள் மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டாள்.

பிரசன்னா எழுந்தான். நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து சபையில் புதிதாய்ச் சேர்ந்த பையன். பிளெசியை அவனுக்குத் தெரியாது. நேராகப் போய் அந்தப் பார்சலைக் கையிலெடுத்தான். ஜெயசுந்தரி எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்க போற? உக்காரு, ஆட்டத்தப் பாரு" என்று தியோடர் இடது கையால் அவள் முந்தானையை இழுத்தார். முகமெல்லாம் சிரிப்பு; பேப்பர் சுற்றிய அத்தனையில் தான் கொண்டுவந்தது எது என்று அவர் கவனித்திருக்கவே இல்லை. அவள் உட்கார்ந்தாள்.

பிரசன்னா உல்லன் நூலைக் கழற்றி, பேப்பரைக் கிழித்தான். அரக்கு நிறத்தில் ஒரு டை. புது டை, ஆனால் கட்டி முடித்த டை. தலைவழியாக மாட்டி ஒரு கையால் இழுத்தால் இறுகிக்கொள்ளும்படி வளையம் பெரிதாக விடப்பட்டிருந்தது. முடிச்சு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஜெயசுந்தரிக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கிவிட்டது. அது அவளுக்கு வந்ததே இல்லை. யாருக்கு வந்ததோ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கைதட்டலுக்குப் பதிலாக ஒற்றைக் கையால் தொடையில் அடித்துக்கொண்டிருந்தார். இதை அவள் அன்றே கொடுத்திருந்தால் இந்த வருஷம் அவர் வரிசையில் நின்றிருப்பார்.

"இது என்ன கூத்து! முடிச்சு அவுந்திரக் கூடாதுன்னு நூல் போட்டுல்லா தச்சிருக்காவ!" என்றான் பிரசன்னா. "கோணலா வேற கட்டிருக்கு. இருங்க, நான் எப்படிக் கட்டுகேன்னு பாருங்க."

"அவுக்காதீங்க" என்றாள் ஜெயசுந்தரி. அது கைதட்டலில் அமுங்கிப்போனது. பிரசன்னா தையலைப் பல்லால் கடித்து அறுத்தான். முடிச்சை நெகிழ்த்தி ஒரே இழுப்பில் உருவினான். பிறகு தன் கழுத்தில் போட்டு, நேராக, கச்சிதமாக, கம்பெனி விளம்பரத்தில் வருகிற மாதிரி கட்டிக்காட்டினான். நல்ல பையன். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதன் பிறகு யார் எதைப் பிடுங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எண் வந்ததும் நேராகப் பிரசன்னாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"ஆன்ட்டி டை கட்டிக்கப் போறாங்க டோய்!" என்று பிளஸ்ஸன் மைக்கில் கூவினான். பிரசன்னா சிரித்த முகமாய்க் கழற்றி, அவிழ்த்து, மடித்துக் கொடுத்தான். அவள் அதைக் கொண்டுவந்து தியோடரின் மடியில் வைத்தாள்.

"எனக்கா?" அவர் விரலால் துணியைத் தடவினார். "நல்ல சில்க்கு. ஆனா கட்டிவிட ஆள் வேணுமே சுந்தரி. அந்தப் பையன் அவுக்காம விட்டிருந்தா நானே தலையில மாட்டியிருப்பேன். யாரோ யோசிச்சு செஞ்சிருக்காங்க, பாவம்."

டையின் நடுவில் முடிச்சு இருந்த இடத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. ஒரு வருஷம் பட்டுப்புடவைகளின் கனத்துக்கு அடியில் கிடந்து ஏறிய சுருக்கம். அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்தி நீவினார்.

"இஸ்திரி போட்டா இது போயிரும்."

"நக்கோ" என்றாள். "இஸ்திரி போட நக்கோ."

"கைக்கு? ஏன் வேணாம்?"

"அது பிளெசி போட்ட முடிச்சு. உங்களுக்குன்னு கட்டி வெச்சிருக்கா. எனக்குன்னு நெனச்சு, ஒரு வருஷமா நான்தான் பிரிக்காம ஒளிச்சு வெச்சிருந்தேன்."

நீவிக்கொண்டிருந்த விரல் நின்றது. அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"லாஸ்ட் நம்பர்! தியோடர் அங்கிள், வாங்க வாங்க! ஸ்மைல் பண்ணிட்டே வரணும்!" என்று பிளஸ்ஸன் கூப்பிட்டான். எல்லோரும் தாளம் போட்டுக் கைதட்டினார்கள்.

தியோடர் எழுந்திருக்கவில்லை. சுருக்கம் தெரிகிற இடத்தைப் பிடித்து, அது போன வழியிலேயே இடது கையால் மடித்துப் பார்த்தார். மடிந்தது. கையை எடுத்ததும் பிரிந்துகொண்டது. மறுபடியும் மடித்தார்.