மூன்றாவது ஓலையில் ஒரு தடை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் படியேறும்போது டோரினின் நெஞ்சு கல்யாணப் பெண்ணின் நெஞ்சாகவே படபடத்தது. அவளுக்கு வயது அறுபத்தாறு என்று நெஞ்சுக்கு யார் சொல்வது?

மந்தின் ஊரைத் தாண்டி உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தோட்டத்துக் கோயிலில் இன்று அவளுக்கும் ஜார்ஜுக்கும் மூன்றாவது, கடைசிக் கல்யாண ஓலை. பூசை முடிவில் ஃபாதர் அருட்செல்வன் பெயர்களை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் வாயைத் திறக்காவிட்டால் வருகிற சனிக்கிழமை கல்யாணம்.

ஜார்ஜ் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் துணையை இழந்தவர், அவளும் இழந்தவள். பாட்டுக் குழுவில் பக்கத்தில் நின்று பாடிப் பாடி, ஒருநாள் கேட்டேவிட்டார்: "என்னத்துக்குங்க ரெண்டு பேருக்கு ரெண்டு வீட்ல ரெண்டு அடுப்பு?" அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. மம்பா ஊரில் கேக், தெமியாங் ஊரில் கோட்டு, வீட்டுக்குப் புதுப் பெயிண்டு என்று பறந்துகொண்டிருந்தார்.

டோரினும் பறந்திருப்பாள். ஆனால் போன மாதம் மகள் ஷெரில் அவளைச் சிரம்பானில் டாக்டர் தர்ஷிகாவிடம் அழைத்துப் போயிருந்தாள். போனில் சொன்ன கதையையே அம்மா திரும்பச் சொல்கிறாள்; பாட்டுப் பயிற்சி இல்லாத நாளில் வெறும் கோயிலில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஷெரிலின் கவலை. டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்டார், ரத்தமும் எடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இது டிமென்ஷியா இல்ல ஆன்ட்டி. வயசானா வர்ற மறதியவிடக் கொஞ்சம் கூட. சமையல், பசார், பஸ்ஸு, எல்லாம் நீங்களே பாத்துக்கிறீங்க இல்லையா, அதான் வித்தியாசம். சில பேருக்கு இப்படியே நிக்கும். சில பேருக்குத் தேறிடும். சில பேருக்குக் கூடலாம். அப்பப்ப பாத்துக்கிட்டே இருக்கணும்."

"ஜார்ஜ் அங்கிள்கிட்ட நீயே சொல்லிடுமா," என்றாள் ஷெரில், காரில் ஏறியதும்.

டோரின் சொல்லத்தான் போனாள். போன போதெல்லாம் அவர் கேக்கில் எத்தனை அடுக்கு என்று ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தாள், துணி அலசும்போது சொல்லிப் பார்த்தாள், பூனையிடம்கூடச் சொன்னாள். அப்படிச் சொல்லிச் சொல்லி, போன வாரம் ஒரு புதுச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவரிடம் உண்மையிலேயே சொல்லிவிட்டோமா? சொல்லியிருந்தால் மறுபடி சொல்வது அசிங்கம். சொல்லவில்லை என்றால் அவரை ஏமாற்றுவதாகும். யாரைக் கேட்பது?

பூசை முடிந்தது. ஃபாதர் தாளை எடுத்தார்.

"...இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கடமை என்ற சொல் காதில் விழுந்ததும் டோரினின் கால்கள் தாமாக எழுந்து நின்றன.

"எனக்குத் தெரியும், ஃபாதர்!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. "மா, உக்காருமா," என்று ஷெரில் முந்தானையை இழுத்தாள்.

"உங்க கல்யாணத்துக்கு நீங்களே தடை சொல்றீங்களா?" என்றார் ஃபாதர்.

"எனக்கு ஞாபகத்துல கோளாறு வந்திருக்கு, ஃபாதர். டாக்டர் பாத்தாச்சு. கூடலாம், கூடாமலும் போகலாம். அவர்கிட்ட சொன்னேனா இல்லையான்னே எனக்கு நிச்சயமாத் தெரியல."

"அது திருச்சபைச் சட்டத்துல தடை இல்லம்மா," என்று ஃபாதர் சொல்லி முடிப்பதற்குள் ஜார்ஜ் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

டோரின் ஓடினாள். அவர் மோட்டார் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். முகம் சிவந்திருந்தது.

"சொல்லல," என்றார். "என்கிட்ட நீ சொல்லல."

நீ என்றது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் அது அவளுக்கு உறைத்தது.

"ஊருக்கே சொல்லிட்ட. எனக்குக் கடைசியா. ஒரு மாசமா நான் கேக்கு கேக்குன்னு பேத்திக்கிட்டிருந்தேன், நீ இதைத் தனியா சொமந்துக்கிட்டு இருந்திருக்க."

"பூனைகிட்ட சொன்னேங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு ஹெல்மெட்டை வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார், ஒவ்வொன்றாக. மருந்து உண்டா? பெரிதாக இல்லை, பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், காதைச் சோதிக்க வேண்டும், நடக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாடலாமா? பாட்டு நல்லது என்றே டாக்டர் சொன்னார். கூடினால்?

"கூடுனா கஷ்டம்தான்," என்றாள் டோரின். "அதை நான் மறைக்கல. இப்ப யோசிச்சுச் சொல்லுங்க. வேணாம்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், செம்பனை வரிசைகளைப் பார்த்தபடி, அவசரமில்லாமல்.

"அடுத்த செக்கப்புக்கு யாரு கூட்டிட்டுப் போறா?"

"ஷெரில்."

"இனிமே நான். டாக்டர்கிட்ட கேக்க எனக்கு நிறைய இருக்கு. நீ எதையும் என்கிட்ட ரெண்டு தடவ சொன்னாலும் பரவால்ல, சொல்லாம மட்டும் இருக்காத. சரியா?"

அவள் பதில் சொல்வதற்குள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். ஒருவரும் கலைந்திருக்கவில்லை. யார்தான் போவார்கள்?

"ஃபாதர், விட்ட எடத்துலேர்ந்து படிங்க லா!"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், அது கோயில் முழுக்கப் பரவியது. ஃபாதர் கையமர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடத்தில் நிறுத்தினார். எல்லாத் தலைகளும் டோரின் பக்கம் திரும்பின.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஃபாதர்!" என்றாள் அவள்.

சிரிப்பு எழுந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஜார்ஜ்தான். பிடித்த கையை அவர் இன்னும் விடவில்லை.