பேரிங் என்று சொன்ன மாப்பிள்ளை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. வழி கேட்டவர்களை முழு நம்பிக்கையோடு எதிர்த் திசையில் அனுப்பியிருக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் பிழைப்புக்கு இதனால் பெரிய ஆபத்து வந்ததில்லை. கல்யாணம் முடிந்து முதல்முறையாக மனைவி வீட்டில் போய்த் தங்கியபோதுதான் வியாதி முற்றியது.

என் மாமனார் பேக்கரி வைத்திருக்கிறார். வீட்டின் முன்பக்கம் கடை, நடுவில் அடுப்பு, பின்னால் மாவு மூட்டைகளும் மோட்டார் சைக்கிளும் நிற்கும் சின்ன முற்றம். காலையில் ரொட்டிப் பெட்டிகளை வண்டியில் கட்டிக்கொண்டு இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் அவரே கொண்டுபோய்ப் போடுவார்.

நாங்கள் போய் இறங்கிய அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது, "வண்டியில கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ சத்தம் வருது மாப்பிள்ளை. மெக்கானிக்கிட்ட விடணும்" என்றார்.

அவர் என்னிடம் யோசனை ஒன்றும் கேட்கவில்லை. புது மாப்பிள்ளையிடம் பேச அவருக்கு விஷயம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வெயிலைப் பற்றி அதற்குள் இரண்டு தடவை பேசி முடித்திருந்தோம்.

"என்ன மாதிரி சத்தம் மாமா?"

"கட்டக் கட்டக்னு வருதுங்க."

"மெக்கானிக் எதுக்கு? நான் பாக்கிறேன்."

என் மனைவி டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். "உங்களுக்கு வண்டி வேலை தெரியுமா?"

"ஓரளவுக்கு" என்றேன்.

ஓரளவு என்பது கைபேசியில் பார்த்த ஒரு வீடியோ. அதில் ஒருவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, டாக்டர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக் கேட்பார். அந்தக் கண் மூடுகிற இடம் எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிருந்தது.

முற்றத்தில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு, பின்சக்கரத்தைச் சுற்றவிட்டோம். நான் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினேன். உலகத்தில் உள்ள அத்தனை சத்தமும் கேட்டது. எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்றுதான் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுபோல், கிளட்ச்சைப் பிடித்தும் விட்டும் கேட்டேன்.

"இப்ப சத்தம் அதிகமா இருக்கா மாமா? இல்ல, இப்ப அதிகமா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குங்க."

கடைக்கு வருகிறவர்களும் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். அப்போது நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன். தலையை ஆட்டிவிட்டு, "பேரிங் போயிடுச்சு" என்றேன்.

ஏன் பேரிங்? அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. மாமா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

அதோடு இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். நான் பார்க்கிறேன் என்று சொன்னபிறகு மெக்கானிக்கிடம் விட்டால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்தார். நான் சொன்னதை நானே வாபஸ் வாங்கினால் என் மானம் என்னாவது என்று நான் நினைத்தேன். மறுநாள் பேக்கரிக்கு விடுமுறை, ரொட்டி போட வேண்டியதில்லை. காலையிலேயே வலது பக்கத்து மூடியைக் கழற்ற உட்கார்ந்தோம்.

ஆயில் பிடிக்க ஒரு பாத்திரம் கேட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து ஒரு ட்ரே கொண்டுவந்து நீட்டினார். கறுப்பு ஆயில் அதில் நிறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "பரவால்ல, பழைய ட்ரேதான்" என்றார். அதன் மூலையில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

மூடி திறந்ததும் கிளட்ச் தட்டுகள் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கடைசித் தட்டு வெளியே வந்தபிறகு நினைத்தேன். ஆயிலை விரலில் தொட்டு உரசிப் பார்த்து "ம்" என்றேன். மாமாவும் தொட்டு உரசி "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் எங்கள் இருவருக்குமே தெரியாது. பேரிங் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. உள்ளே ஒரு துணியால் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி மூடி, ஆயிலையும் ஊற்றினேன்.

"இறுக்கி விட்டாச்சு மாமா. இனிமே வராது."

மறுநாள் காலை பெட்டிகளைக் கட்டி வண்டியை ஸ்டார்ட் செய்து கியர் போட்டார். இன்ஜின் தெருவே எழுந்துகொள்கிற மாதிரி உறுமியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி கதவில் சாய்ந்து நின்று, "சொன்ன மாதிரியே சத்தம் வரலப்பா" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வண்டியை நியூட்ரலில் போட்டு, மாமா ஹேண்டில்பாரைப் பிடிக்க, நான் பின்னால் தள்ளினேன். ரொட்டி கனமில்லாத பொருள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். முதல் பள்ளிக்கூடம் போவதற்குள் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையும் அவர் எடுத்துக் கொடுத்ததுதான்.

இரண்டாவது பள்ளிக்கூடம் தாண்டியதும் தெருவில் இரைச்சல் குறைந்தது. அப்போது கேட்டது. கட்டக். கட்டக். கட்டக்.

இன்ஜின் ஓடவில்லை. சாவியே போடவில்லை. நாங்கள் வேகமாகத் தள்ளினால் வேகமாக வந்தது, நின்றால் நின்றது. மாமாவின் முதுகு கொஞ்சம் விறைத்ததைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டுவிட்டது. ஆனாலும் ஒரு தெரு முழுக்க அந்தச் சத்தத்தோடு, அது கேட்காதவர்களைப் போல் நடந்தோம்.

மேடு வந்தது. நான் மூச்சு வாங்கக் கையை லேசாக எடுத்தேன். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"யோவ், பிடிய்யா! ரொட்டி போயிரும்!"

பிடித்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, வாய் தவறி..."

"மாமா," என்றேன், "பேரிங்னா எது, எங்க இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு முதல்லேருந்தே சத்தம் இடது பக்கம் வர்ற மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

"அப்ப சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு உறுதியா சொன்னீங்க. சரி, நமக்குத்தான் காது போச்சுபோலனு விட்டுட்டேன்."

சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பானரை எடுத்து, நடைபாதையில் மண்டியிட்டு, இடது பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினோம். கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, செயினை ஓட்டுகிற பல்சக்கரம் ஒன்று அங்கே இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் தகட்டுக்கு இரண்டு போல்ட். ஒன்றைக் காணோம். இன்னொன்று போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சக்கரம் தன் இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடி இடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இருந்த போல்ட்டை மாமா இறுக்கினார். வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். சத்தம் இல்லை.

சத்தம் இல்லாத வண்டியை, என் கைவண்ணத்தால் இன்ஜினும் உதவாத வண்டியை, ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். வழியில் அவர் பேக்கரி ஆரம்பித்த புதிதில் உப்புக்குப் பதில் சமையல் சோடாவைக் கொட்டிய கதையைச் சொன்னார். நான் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்து, பழகினால் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்த கதையைச் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

கேன்டீன் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். "இவ்வளவு லேட்டா வந்தா நோயாளிங்களுக்கு என்னத்தக் குடுக்கிறது?" என்றவர், கையெல்லாம் ஆயிலாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது யாரு, புது ஆளா?"

"ஆமாங்க" என்றார் மாமா. "இன்னும் வேலை பழகல."

திரும்பும் வழியில் மெக்கானிக் கடையில் வண்டியை விட்டோம். அவர் வலது பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளே கிளட்ச் தட்டுகள் இருந்த கோலத்தைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"யாருங்க இதைத் திறந்தது?"

நான் தரையைப் பார்த்தேன். என் வாய்க்குள் ஒரு பதில் தயாராகிக்கொண்டிருந்தது. போன மாதம் வேறு ஊரில் யாரோ ஒரு மெக்கானிக் என்று ஆரம்பிக்கும் நீளமான பதில். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

மெக்கானிக் ஸ்பானர் எடுக்கப்போவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.