அலகு இல்லாத எண்

எல்டன் ஸ்விகார்ட் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு கூட்டமே நம்பிக்கொண்டிருந்தது. சின்னக் கூட்டம்தான். படுத்துக்கொண்டு மிதிக்கும் சைக்கிள், முட்டை ஓடு போர்த்தியது போன்ற மூன்று சக்கர வண்டி, மிதிபடகு என்று மனிதக் கால் பலத்தில் ஓடுகிற எதையாவது கார் கொட்டகையில் செய்துகொண்டே இருக்கிற பைத்தியங்கள். அவர்களுடைய சங்கத்தின் தொழில்நுட்பப் பத்திரிகையை இருபத்திரண்டு வருஷம் நடத்தியவர் எல்டன். "அலகு இல்லாத எண் எண்ணே இல்லை" என்பது அவருடைய வேதவாக்கு. மீட்டரா மைலா என்று சொல்லாமல் ஒரு கட்டுரை வந்தால், எழுதியவர் பேராசிரியராகவே இருந்தாலும் சிவப்பு மை பூசிக்கொண்டு திரும்பிப் போகும்.

பத்திரிகை நின்று பல காலம் ஆயிற்று. இப்போது சங்கத்தார் பழைய இதழ்கள் அத்தனையையும் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போடத் தீர்மானித்தார்கள். நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மார்வா ஹைட் தன் சாப்பாட்டு மேஜையிலேயே ஸ்கேனரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தேழு இதழ்களில் நாற்பத்தாறு முடிந்தன. 1986 இலையுதிர்கால இதழ் மட்டும் கிடைக்கவில்லை.

"என்கிட்ட இருந்தது பேஸ்மென்ட்ல தண்ணி புகுந்தப்ப போச்சு" என்றார் எல்டன்.

தண்ணீராவது, புகுந்ததாவது! பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஆறு பிரதிகள் காய்ந்துபோய்ப் பத்திரமாக இருந்தன. அது போதாதென்று, எழுதியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டாமா என்று ஒரு முட்டுக்கட்டையும் போட்டுப் பார்த்தார்.

மார்வா சிரித்துவிட்டார். "ஒருத்தனாவது படிக்க மாட்டானான்னு ஏங்குனவங்கய்யா அவங்க எல்லாம். அவங்ககிட்ட அனுமதியா? நல்லாச் சொன்ன போ!"

புதன்கிழமை மார்வா போன் செய்தார். "எல்டன், இதழ் கிடைச்சிருச்சு! நோலாகிட்ட இருக்காம். சனிக்கிழமை கொண்டு வர்றா. நீயும் வா, ருபார்ப் தண்டு போட்டு இனிப்பு அப்பம் சுடறேன்."

நோலா கெஸ்லர். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எல்டன் போனை வைத்தார்.

1986இல் ஒரு பழைய விமான ஓடுபாதையில் போட்டி நடந்தது. நோலா தானே செய்த, முட்டை ஓடு போர்த்திய வண்டியில் இருநூறு மீட்டரைப் பறந்து கடந்தார். பெண்கள் பிரிவில் அதுவரை யாரும் தொடாத வேகம். காற்றுமானியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எல்டன். காற்று நொடிக்கு 1.67 மீட்டருக்கு மேல் அடித்தால் சாதனை செல்லாது. மானியில் 3.2 என்று காட்டியது. "செல்லாது" என்று கையை விரித்தார். "புல்லுகூட அசையலையேய்யா!" என்று நோலா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. எல்டன் காட்டும் எண்ணைச் சந்தேகிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பழைய சாதனையே நின்றது. அது எல்டன் வடிவமைத்த வண்டியின் சாதனை.

மூன்று வாரம் கழித்து மானியை எடுத்துப் பார்த்தபோது, அதன் முதுகில் இருந்த அலகு மாற்றும் பொத்தான் மைல் பக்கம் நின்றது. மணிக்கு 3.2 மைல் என்றால் நொடிக்கு 1.4 மீட்டர்தான். நோலாவின் ஓட்டம் செல்லும். இதழ் அப்போது அச்சுக்குக்கூடப் போகவில்லை. மீட்டர் என்று போட்டால் பொய். மைல் என்று போட்டால் மானம் போகும். எல்டன் அட்டவணையில் அலகையே அழித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பத்திரிகையில் அலகு இல்லாமல் வந்த ஒரே எண் அதுதான்.

சனிக்கிழமை நோலா வந்தார். எழுபது வயது, முட்டியில் அறுவை சிகிச்சைத் தழும்பு, இன்னமும் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டுதான் வந்தார். இதழை மேஜையில் வைத்தார். தாள்களைப் பிரிப்பதற்காக, தைத்திருந்த பின்னைக் கழற்ற மார்வா கத்தியை நீட்டினார்.

"கொஞ்சம் பொறு" என்றார் எல்டன். ஆறு பிரதிகளையும் பையிலிருந்து எடுத்து வைத்தார். பிறகு பொத்தான், மைல், அழித்த அலகு என்று எல்லாவற்றையும் மேஜை விரிப்பைப் பார்த்தபடி சொல்லி முடித்தார்.

நோலா நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணாவது வாரம்."

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே."

"வண்டி மேல போர்த்தியிருந்த அந்த ஓட்டை என்ன பண்ணேன் தெரியுமா? அறுத்துக் கோழிக்கூண்டுக்குக் கூரையாப் போட்டேன். காத்து தள்ளித்தான் ஓடியிருக்கேன், என் கால்ல ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு. அதுக்கப்புறம் ஒரு போட்டிக்கும் போகலை, எல்டன்."

எல்டனுக்கு அது தெரியாது. நோலாவுக்கு ஆர்வம் போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கத்தில் காது மடல் வரை கொதித்தது. தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்த திருத்தக் குறிப்பை நீட்டினார். நோலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "துரதிருஷ்டவசமாக, அட்டவணையில் அலகு விடுபட்டது."

"உன் சிவப்புப் பேனாவைக் குடு."

அது எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். கொடுத்தார். நோலா 'விடுபட்டது' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"தானா விடுபட்டுச்சா? என் கட்டுரையை நாலு தடவை திருப்பி அனுப்புன ஆளு நீ. இதையும் திருத்திக் குடு. தனித்தாள்ல வேண்டாம். அந்தப் பக்கத்துலயே எழுது."

எல்டன் அட்டவணைப் பக்கத்தைத் திறந்தார். 3.2க்குப் பக்கத்தில் 'மைல்/மணி' என்று எழுதினார். ஓரத்தில், "அலகை அழித்தவன் நான். தெரிந்தே செய்தேன். நோலா கெஸ்லரின் ஓட்டம் செல்லும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மார்வா பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார். கோப்பு இணையத்தில் ஏறியது. வெட்டி வைத்த ருபார்ப் அப்பத்தை யாரும் தொடவில்லை.

முதலில் இறக்கியவர் நோலாதான், அங்கேயே, தன் போனில். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சத்தமாக வாசித்தார்.

"மூணு புள்ளி ரெண்டு மைல், மணிக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு? அரை நிமிஷம் இருக்குமா?"

நோலா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை எல்டன் தலையை நிமிர்த்தவே இல்லை.