கருத்தப்பாண்டி வீட்டு ஓதம்

வீட்டில் தண்ணீர் கசிந்தால் முதலில் பிளம்பரைத் திட்டுவார்கள், அப்புறம்தான் கசிவைத் தேடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புளித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறேன் என்றால், "பால்கோவா எங்க பாய்?" என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள்கூட, சுவரில் ஓதம் ஏறி ஈரம் தெரிந்துவிட்டால் சிரிக்க மாட்டார்கள். என் பெயர் ரஃபீக். குழாய் போடுவது என் தொழில். ஒளிந்திருக்கிற கசிவைக் கண்டுபிடிப்பது என் கிறுக்கு.

ராஜபாளையத்தில் சேத்தூர் ரோட்டுப் பக்கம் கருத்தப்பாண்டியின் வீடு. மனுஷன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கேட்டைத் திறக்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"பாய், நீங்க ஒண்ணும் தேட வேண்டாம். ஜாயிண்டுதான் போயிருக்கு. எம் பொண்டாட்டி தம்பி போட்ட லைன். உடைச்சுக் காட்டுங்க, அது போதும்."

"அதை நீங்களே உடைச்சிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

மச்சினன் இசக்கிமுத்து தளவாய்புரத்துப் பிளம்பர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கட்டியபோது குளியலறை லைன் முழுவதும் அவன் போட்டது. எட்டு மாதத்துக்கு முன்பு பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஓதம் தெரிந்ததும், சொந்த அக்கா வீட்டு வேலையையே உருப்படியாகச் செய்யத் தெரியாத பயல் என்று தெருவே கேட்க அவனை ஏசியிருக்கிறார் இவர். அவன் பதில் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதன் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர் மனைவி வெங்கடேஸ்வரி. கணவர் மாடிக்குப் போன நேரம் பார்த்துக் காபியோடு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை எம் மக பொன்மணிக்கு வளைகாப்பு. அப்படியே இங்க கூட்டியாரணும், இந்த ரூம்லதான் பிரசவம் வரைக்கும் இருக்கணும். அவ என்னடான்னா, மாமா வராத வீட்டுக்கு நானும் வரலைங்கா." குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, ஜாயிண்டுன்னு மட்டும் சொல்லிராதீய."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொய் சொல்லச் சொல்லுதீயளா அக்கா?"

"என்ன சொல்லச் சொல்லுதேன்னு எனக்கே தெரியல. ஜாயிண்டா இருந்துச்சுன்னா, அவிய இந்த ஜென்மத்துல எந் தம்பிய வாசப்படி ஏத்த மாட்டாவ."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. காபியை வாங்கிக் குடித்தேன். அந்த ஜாயிண்ட் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு வேலைக்குப் போய் இப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பங்குனி வெயில். மலைப் பக்கம்கூட மழை பெய்து மாசங்கள் ஆகின்றன. இந்தக் காய்கிற வெயிலிலும் சுவர் ஈரமாக இருக்கிறது என்றால் அது மழைத் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். சுவரை ஒட்டி மட்டும் தரை குளிர்ந்தது. அடிச்சுவரில் பெயிண்ட் பொக்கு விட்டு, கீறியதும் உப்பு மாவாக உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல பூச்சு கெட்டியாகச் சத்தம் தரும், ஊறியது பொத்துப்பொத்தென்று கேட்கும். மாடித் தொட்டி வால்வை அடைத்துவிட்டு, மீட்டர் வைத்த கைப்பம்பால் லைனில் அழுத்தம் ஏற்றினேன். மீட்டர் முள் மெதுவாக இறங்கியது. கசிவு இந்தச் சுவருக்குள்தான்.

"நான் சொல்லல?" என்றார் கருத்தப்பாண்டி.

குளியலறைப் பக்கம் இரண்டு டைல்ஸைப் பெயர்த்து ஜாயிண்டை வெளியே தெரிய வைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். வெங்கடேஸ்வரி வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். காகிதத்தால் சுற்றிலும் துடைத்துப் பார்த்தேன். காகிதம் நனையவில்லை.

"காஞ்சு கெடக்கு அண்ணாச்சி. உங்க மச்சினன் ஒட்டியிருக்கிற அழகப் பாருங்க. நான்கூட இம்புட்டுச் சுத்தமா ஒட்ட மாட்டேன்." இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"அப்ப தண்ணி எங்கேருந்து வருது? வானத்துலேருந்தா?"

மறுபடியும் படுக்கையறைக்கு வந்தேன். புறங்கையை வைத்து வைத்து, ஈரம் முடிகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். தண்ணீர் கீழே பரவிக்கொண்டே போகும். அதனால் ஈரம் மேலே எங்கே குறுகி முடிகிறதோ, அங்கேதான் அதன் பிறப்பிடம். கோடுகள் இரண்டு பக்கமிருந்தும் மேலேறி, ஒரு போட்டோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. இளவயதுக் கருத்தப்பாண்டி, மீசையும் யூனிஃபார்முமாக. இத்தனை நேரம் அதை நான் தொடவே இல்லை. வீட்டுக்காரர் எதிரில் அவர் படத்தையே எவன் கழற்றுவான்? நானும் சுற்றிச் சுற்றித்தான் தட்டியிருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டு படத்தைக் கழற்றினேன். பின்னட்டை ஊறி உப்பி, கருப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஆணியைத் தொட்டேன். ஈரம்.

பூச்சைக் கொத்தி எடுத்ததும் தெரிந்துவிட்டது. ஆணி நேராகப் பைப்பின் விலாவில் இறங்கியிருந்தது. அடித்த அன்றைக்கு ஓட்டையைப் போட்டதும் அந்த ஆணிதான், அடைத்ததும் அதுதான். வருஷங்கள் போய்த் துரு தின்றபிறகு சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. குறடால் பிடுங்கினேன். பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் என் முகத்திலேயே பீய்ச்சி அடித்தது.

"எவம்லே இதுல ஆணி அடிச்சது?" என்று கத்தினார் கருத்தப்பாண்டி.

"நாந்தான்." வெங்கடேஸ்வரி உள்ளே வந்தாள். "பால் காய்ச்சி முடிஞ்சு, லீவும் முடிஞ்சு நீங்க ரயிலேறுனீயல்லா. அதுக்கு மறுநா."

"அடிச்சதுதான் அடிச்ச, போட்டோவ எவளாவது இடுப்பு உசரத்துல மாட்டுவாளா? மேல எம்புட்டுச் சுவரு கெடக்கு."

"மேல மாட்டுனா படுத்த பொறவு தெரியாதுல்லா. அப்ப கட்டிலு இந்தச் சுவத்தோரமாத்தான் கெடந்துச்சு. ஒருக்களிச்சுப் படுத்தா உங்க மூஞ்சி நேரா இருக்கும். செத்த நேரம் பேசிக்கிட்டே கெடப்பேன்." ஓட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "எந் தம்பிய நானேல்லா வெளிய அனுப்பிட்டேன்."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கிடக்கிற சாமான்களை எடுத்துப் பையில் போடுவது போலக் குனிந்துகொண்டேன். கருத்தப்பாண்டி கட்டிலில் உட்கார்ந்து சுவரில் இருந்த அந்தத் துளியூண்டு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தப் பைப்புத் துண்ட வெட்டி மாத்தி விட்டுருங்க" என்றார்.

"மாட்டேன்."

"என்னது?"

"நல்லா போட்ட லைன் அண்ணாச்சி. போட்டவரு பக்கத்துலேயே இருக்கும்போது அதுல நான் கை வைக்க மாட்டேன். அவரையே கூப்பிடுங்க." எங்கள் தொழிலில் அப்படி ஒரு மரியாதை உண்டு. ஆனால் அன்றைக்கு அதில் பாதி என் பிடிவாதம்தான்.

அவர் போனை எடுத்தார். வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு ஒரு காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"மாப்ள, நாந்தான். ஜாயிண்டு சரியாத்தான் இருக்கு. பைப்புல ஒரு ஆணி எறங்கியிருக்கு." போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். "அத அடிச்சது நாந்தாம்லே. மறந்து போச்சு."

வெங்கடேஸ்வரி சட்டென்று தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க அடிக்கல அத்தான்" என்றது இசக்கிமுத்துவின் குரல். "அக்கா அன்னைக்கு எங்கிட்டதான் சுத்தியல் வாங்குனா. போட்டோவுக்கு நேர் கீழ ஓதம் எறங்குனதப் பார்த்ததுமே எனக்கு வெளங்கிருச்சு."

"தெரிஞ்சுமா சொல்லல? தெருவே கேக்க ஏசுனேனேலே!"

"என்னைய ஏசுனா நான் தளவாய்புரத்துக்குப் போயிருவேன். அவள ஏசுனா அவ எங்க அத்தான் போவா?"

கருத்தப்பாண்டி கட்டிலை விட்டு எழுந்தார். போனை வெங்கடேஸ்வரியின் கையில் வைத்து, அந்தக் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு, "அவன வரச் சொல்லு" என்றார்.