மாதாவுக்குப் போன மெயில்

ராயபுரத்தில் என்னைவிட உயரமான கிரேனை ஓட்டியவன் கிடையாது. துறைமுகத்தில் என் கூண்டிலிருந்து பார்த்தால், இலங்கையில் யார் வீட்டு மொட்டை மாடியில் என்ன நிறப் புடவை காய்கிறது என்பதுவரை தெரியும். என் மனைவி டோரதி இதை நம்புவதில்லை. எதிர் வீட்டுக் கொடியில் காய்வது தன் புடவையா, அவர்கள் புடவையா என்பதே எனக்குத் தெரியாது என்பாள். போகட்டும். இப்போது சொல்லப்போகும் கதைக்கு அவளே சாட்சி.

எங்கள் மகள் ஜானட் மஸ்கட்டில் நர்ஸ். அங்கே போன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு மெயில் எழுதுவாள். போனில் பேசுவது வேறு. சாப்பிட்டீங்களா, அங்கே மழையா என்பதோடு முடிந்துவிடும். மெயிலில்தான் அழுவாள், சிரிப்பாள், தலைமை நர்ஸைத் திட்டுவாள். எல்லாம் என் மெயில் பெட்டியில் வந்து விழும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு படிக்க, டோரதி மீனைக் கழுவிக்கொண்டே கேட்பாள். அப்படி ஒன்பது வருஷம். நடுவில் ஜானட் ஆஸ்பத்திரி மாறியபோது அந்தப் பழைய மெயில் விலாசத்தை மூடிவிட்டார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் போயிற்று. ஆகவே உலகத்திலேயே அந்த மெயில்கள் இருந்தது என்னிடம் மட்டும்.

அவளுக்குத் தலைப்பிரசவம். எங்களை வரச்சொல்லி விசாவை மெயிலில் அனுப்பினாள். வரவில்லை. மறுபடி அனுப்பினாள், அப்போதும் வரவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடை வைத்திருக்கும் ஹெப்சிபா தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண். பார்த்த மாத்திரத்தில் பெட்டி நிரம்பிவிட்டது, புதிதாக எதுவும் நுழையாது என்றாள். ஜானட் மெயிலுக்கு மெயில் படங்களாக அனுப்பியிருந்தாள். போதாததற்கு, எனக்கு வந்திருந்த காலை வணக்க வீடியோக்களை ஏற்றினால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிவிடும். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கிவிட்டுப் பெட்டியைக் காலி செய்தாள். அதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னாள்.

"அங்கிள், இன்னொரு காப்பியும் எடுத்து வைக்கணும்லா. ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்."

நான் சிரித்தேன். ஆயிரம் டன்னை ஒற்றைக் கொக்கியில் தூக்கியவனுக்குச் சுண்டுவிரல் அளவு சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்றேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் விசா மெயிலில் வந்து விழுந்துவிட்டது. என் நெஞ்சு இன்னும் இரண்டு அங்குலம் விரிந்தது.

டோரதி பென் டிரைவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சம்மதிக்கவில்லை. புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததிலிருந்து (கழுத்தளவு; நான் நீந்திப்போய்த்தான் பால் வாங்கினேன்) ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் வீட்டுப் பத்திரமும் ஞானஸ்நானச் சான்றிதழ்களும் அவள் பையில் கூடவே வரும். இது அதைவிடப் பெரிய சொத்து. பிள்ளை பெறப்போகும் மகளின் கையில் அவள் எழுதியதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது டோரதியின் ஆசை. தங்கக் காப்பு செய்யவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, அதைவிட நல்லதாக ஒன்று வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். பிளவுஸ் தைத்து மிஞ்சிய நீலத் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்து அதற்குள் பென் டிரைவைப் போட்டாள்.

அதே துணியில் இன்னொரு பையும் தைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் சிலுவையம்மாள் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரி. அங்கே கழிமுகத்தை ஒட்டி, குகை மாதிரிக் கட்டி மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கெபி உண்டு. கடல் தாண்டிப் போகிறவர்கள் வெள்ளியில் விரல் நீளத்துக்கு ஒரு படகு செய்து அங்குள்ள காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவது குப்பத்து வழக்கம். நாங்கள் போவது விமானத்தில் ஆயிற்றே என்றேன். ஏரோப்ளேன் மட்டும் தரையிலா போகிறது, அதுவும் கடலுக்கு மேலேதானே என்று சிலுவையம்மாள் மடக்கினாள். படகு செய்தோம். இரண்டாவது நீலப் பை அதற்கு.

கிளம்பும் நாள் காலையில் ஆட்டோ பிடித்தோம். விமான நிலையம் தெற்கே, கெபி வடக்கே. முதலில் எண்ணூர், அப்புறம் மீனம்பாக்கம் என்றதும் ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். கெபியில் டோரதி மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, படகைப் போடச் சொன்னாள். சட்டைப் பையில் ஒரு நீலப் பை, கால்சட்டைப் பையில் ஒரு நீலப் பை. நான் பிரித்துப் பார்க்கவில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இறக்கி வைத்தே பழகிய கை இது. எதைத் தூக்கினோம் என்பது எங்கள் வேலை இல்லை, எங்கே இறக்கினோம் என்பதுதான் வேலை. மிக அழகாக, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் இறக்கினேன். அப்படி ஓர் இறக்கத்தைத் துறைமுகமே பார்த்திருக்காது.

மஸ்கட்டில் ஜானட் வயிறும் தானுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டோரதி மடிக்கணினியைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, நீலப் பையை மகள் உள்ளங்கையில் கவிழ்த்தாள். வெள்ளிப் படகு விழுந்தது.

படகு அழகாக இருக்கிறது என்றாள் ஜானட், பாவம். டோரதி அழுதால்கூடப் பரவாயில்லை. அவள் என்னையே பார்த்தாள்.

"ஹெப்சிபா ரெண்டு காப்பின்னு சொன்னாளே. துறைமுகத்துலயே கெடந்தியே, ஒத்த நங்கூரத்தோட வந்த கப்பல் ஒண்ணையாவது பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. எந்தக் கப்பலும் முகப்பில் இரண்டு நங்கூரம் இல்லாமல் வராது. இது தெரியாதவனாக இருந்தாலாவது மன்னிப்பு உண்டு.

கெபி கழிமுகத்துக் கரையில் இருக்கிறது. மழை மாதம் வேறு. தண்ணீர் ஏறினால் பெட்டிக்குள் உப்புநீர் போகும், பென் டிரைவும் போகும். அந்தப் பெட்டியைத் திருவிழா முடிந்துதான் திறப்பார்கள். அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். உடனே சிலுவையம்மாளுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்புத் தாங்காமல் மீன் கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா அண்ணாத்த, மாதாவுக்கே மெயில் போட்டுகினு போய்க்கீறே?"

ஆனால் டோரதி போனை வாங்கி, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சிலுவையம்மாளிடம், இன்னொன்று கெபி கமிட்டித் தலைவர் யேசுதாஸிடம். அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கெபிக்குப் போய், எங்களையும் போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். யேசுதாஸ் கறாரான ஆள். மாதா வந்து கேட்டாலும் ரசீது கேட்பார்.

"மாதாகிட்ட போனது மாதாதுதான். எடுக்கணும்னா பதிலுக்கு வெள்ளி வெக்கணும். உன் படகு மஸ்கட்ல கீது. இங்க இன்னாத்த வெப்பே?"

மஸ்கட்டிலிருந்து படகை எறிந்தால் எண்ணூரில் விழும் அளவுக்கு என் கையில் பலம் உண்டு, ஆனால் குறி தப்பிவிடும் என்ற பயத்தில் சும்மா இருந்தேன். அப்போது போனில் ஏதோ உரசும் சத்தம். பிறகு டங்கென்று ஒன்று பெட்டிக்குள் விழுந்தது. சிலுவையம்மாளின் குரல் கேட்டது.

"வெச்சாச்சு. ஒத்தக் கால் கொலுசு. அவுங்க படகோட வந்ததும் எடுத்துக்கிறேன். சாவியப் போடு மாமு."

டோரதி அப்போதுதான் அழுதாள்.

நீலப் பை லேசாக ஈரமாகத்தான் இருந்ததாம். சிலுவையம்மாள் அதை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு பஸ் ஏறி, நேரே ஹெப்சிபா கடைக்கு வந்துவிட்டாள். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ஹெப்சிபா எங்களைப் போனில் வைத்துக்கொண்டே அதைச் சொருகினாள். எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றது. மஸ்கட் நகரமே மூச்சை நிறுத்தியிருந்தது என்றுதான் நினைக்கிறேன், வெளியே ஒரு கார் சத்தம்கூட இல்லை. திறந்துவிட்டது என்றாள். எல்லாம் இருக்கிறது என்றாள்.

சிலுவையம்மாள் கிளம்பவில்லை. கொலுசை வைத்து எடுத்த பொருளுக்குள் என்னதான் இருக்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றாள். ஹெப்சிபா முதல் மெயிலைச் சத்தமாகப் படித்தாள். "அம்மா, இங்க மீன் வாங்கினேன். கடைக்காரன் வெட்டிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தான். ஆனா என்னைக் கேக்காமலே தலையைக் குப்பையில போட்டுட்டான். ரூமுக்கு வந்து அழுதேன்."

"தலையப் போட்டானா? கலீஜ் பையன், அவன்லாம் ஒரு மீன்காரனா?" என்று சிலுவையம்மாள் கத்தியது ஜெராக்ஸ் கடையையும் தாண்டி, போனையும் தாண்டி, அரபிக் கடலையும் தாண்டி வந்தது. ஜானட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே "அப்பா, உங்க மாப்பிள்ளையை வண்டி எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அன்று சாயங்காலம் எங்கள் பேத்தி பிறந்தாள். டாக்டர் இதற்கு வேறு காரணம் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்?

பேத்தி குப்புற விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தோம். வீட்டுக்குப் பெட்டியைக்கூடக் கொண்டுபோகாமல் முதலில் எண்ணூருக்கு வண்டியை விட்டோம். குப்பத்துச் சந்தில் சிலுவையம்மாள் வருவது கண்ணில் படுவதற்கு முன்பே காதில் கேட்டது. ஒரு காலில் ஜல், மறு காலில் ஒன்றும் இல்லை. ஜல், ஒன்றும் இல்லை. அத்தனை நாளும் குப்பத்துப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போய்க் கேலி செய்திருக்கிறார்கள். இன்னொரு கொலுசையும் கழற்றி வைத்திருக்கலாமே என்று டோரதி கேட்டதற்கு, அப்புறம் அதை எங்கே வைத்தேன் என்று மறந்துவிடும், காலில் கிடந்தால் நினைவிருக்கும் என்றாள்.

யேசுதாஸ் என்னை நம்பவில்லை. நீலப் பையைப் பிரித்துப் படகைக் குப்பத்து ஜனங்கள் எல்லோருக்கும் காட்டிய பிறகுதான் பெட்டியில் போட விட்டு, கொலுசை எடுத்துக் கொடுத்தார். டோரதி கீழே உட்கார்ந்து சிலுவையம்மாளின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தானே கொலுசைப் பூட்டிவிட்டாள். சிலுவையம்மாள் கூச்சத்தில் நெளிந்தாள். நன்றி சொல்ல நான் பெரிய பிரசங்கம் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. மீன் முள்ளாக இருக்கும்.

அசல் பென் டிரைவ் மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவரோடு பறந்துபோய், இப்போது ஜானட்டிடம் இருக்கிறது. ஒரு காப்பி என் வீட்டில். இன்னொன்று சிலுவையம்மாள் வீட்டில், மாதா படத்துக்குப் பின்னால், நீலப் பையில். என் இரண்டாவது நங்கூரம் அதுதான் என்று டோரதி ஊரெல்லாம் சொல்கிறாள்.

சிலுவையம்மாள் மீன் கொண்டுவரும் நாட்களில் கூடையை இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு மெயில் படித்தால்தான் எழுந்திருப்பாள். எங்களுக்கு இப்போது வரும் வஞ்சிரத்தில் தலை ஒருநாளும் தவறுவதில்லை.

"சரி அண்ணாத்த, அந்தத் தலைமை நர்ஸு அப்பறம் இன்னா பண்ணா? அடுத்தத எடு."

நான் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன்.