ஆறு மணிக்குள் ஒரு வாக்கியம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒரு நாள் காலை, நான் எழுதுகிற மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. சந்தா முடிந்துவிட்டதாம். என் பாதி நாவல் உள்ளே, நான் வெளியே. நான் எழுதியதை நான் படிக்க எவனிடமோ அனுமதி கேட்க வேண்டுமா என்று மேசையில் ஓங்கிக் குத்தினேன். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை, கைதான் வீங்கியது. அந்தச் சூட்டோடு, கட்டண மென்பொருளையும் இலவசத் திறந்தமூல மென்பொருளையும் மோதவிட்டு ஒரு நக்கல் கதை எழுத உட்கார்ந்தேன்.

(திறந்தமூலம் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் அதைப் பூட்டிவிட முடியாது. பழுதானால் போன் போட்டுத் திட்டவும் ஆள் கிடையாது.)

முதல் தொடக்கம் இது: "ஓர் அலுவலகத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் இருந்தார்கள். ஒருவர் எதையும் காசு கொடுத்தே வாங்குவார், மற்றவரோ—"

எனக்கே கொட்டாவி வந்தது. உங்களைக் கேட்கவே வேண்டாம். யார் ஜெயித்தாலும் யாருக்கும் ஒன்றும் போகப்போவதில்லை என்றால் அது என்ன கதை? குமாஸ்தாக்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் காதில் அடைப்பு எடுக்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் கைபேசியில் எதையோ தட்டித் தன் கணவரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, அவளுக்குக் காது கேட்காதது போல, கூடமே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகப் பதில் சொன்னார். அவள் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நான் பார்த்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவள் ரயில் நிலைய அறிவிப்பாளர். பத்தொன்பது வருடமாக, எந்த ரயில் எந்த நடைமேடை என்று ஊருக்கே சொல்லி வந்தவள். இப்போது குரல்வளையில் கட்டி. வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை, குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். உயிர் தப்பிவிடும் என்று மருத்துவர் அடித்துச் சொன்னார். குரல் தப்பாது.

கதை தொடங்கும்போது திங்கட்கிழமை. அதற்குள் அவள் குரலைக் கணினியில் சேமித்துவிட்டால், பிற்பாடு அவள் தட்டுவதையெல்லாம் அது அவள் குரலிலேயே பேசும். ஆனால், "ஒரு நாளைக்கு நூறு வாக்கியம்மா, அதுக்கு மேல போனா கட்டி வீங்கி மூச்சை அடைச்சிடும்" என்று மருத்துவர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். மூன்று நாள், முந்நூறு வாக்கியம்.

வழி இரண்டு. ஒரு நிறுவனத்தின் கட்டண மென்பொருள். நூற்றைம்பது வாக்கியம் வாசித்தால் போதும், குரல் அச்சு அசலாக வரும். ஆனால் அந்தக் குரல் நிறுவனத்திடம்தான் இருக்கும், மாதச் சந்தாவுக்குப் பேசும். இன்னொன்று, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதிய இலவச மென்பொருள். அதற்கு முந்நூறும் வேண்டும், வந்தாலும் குரல் கொஞ்சம் கரகரக்கும். ஆனால் வீட்டு மடிக்கணினியிலேயே இருக்கும், அவளுக்கே சொந்தம்.

தொண்டை ஒன்றுக்குத்தான் தாங்கும்.

(புத்திசாலி வாசகர் கேட்பார்: ஒரே பதிவை இரண்டுக்கும் கொடுத்தால் என்ன? நானும் யோசித்தேன். நிறுவனம் தன் வாக்கியங்களைத் தன் திரையில் வாசித்தால்தான் ஏற்கும், பதிவைத் திருப்பியும் தராது. ஓட்டையை அடைத்துவிட்டேன், மேலே போவோம்.)

3

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி முத்திரை இல்லாத உதிரிபாகத்தைக் கையால் தொடமாட்டார். அவள் தம்பி மென்பொருள் எழுதுகிறவன். பூட்டிய பெட்டி எதையும் நம்பமாட்டான். திங்கட்கிழமை காலையிலேயே இருவரும் சாப்பாட்டு மேசையில் முட்டிக்கொண்டார்கள்.

"மாமா, அந்தக் கம்பெனி நாளைக்கே இழுத்து மூடிட்டா? அக்கா குரலும் அதோட போச்சு."

"ஏன் மச்சான் வாயைக் கழுவமாட்டே? சரி, உன் ஓசி சாமான் ஒரு நாள் மக்கர் பண்ணுது. நான் யாருக்கு போன் பண்றது?"

"எனக்குப் பண்ணுங்க."

"நீ வேலை மாறி எங்கேயோ போயிட்டா? ராத்திரி அவளுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு வை. அப்போ உன் சாமான் கரகரன்னா நான் என்னடா செய்வேன்?"

"அப்படியெல்லாம் ஆகாது மாமா" என்றான் தம்பி. அது பதில் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசினால் கணக்கில் ஒரு வாக்கியம் குறையும் என்று பேசாமல் இருந்தாள். அவளைப் பற்றித்தான் பேச்சு, அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள். கணவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்து, சரி, உங்கள் வழியே ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டாள்.

4

இங்கே நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. (ஆமாம், எழுதுகிறவன் நான்தான். அதற்காக?)

திங்கட்கிழமை அவள் நூறு வாக்கியம் வாசித்தாள். "இன்று வானிலை இதமாக இருக்கிறது." "தயவுசெய்து கதவைத் திறக்கவும்." ஒரு திக்கல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. மாலையில் நிறுவனம் மாதிரிக் குரலை அனுப்பியது. கணவர் ஆவலாக, "ஏங்க, சாப்பிட வர்றீங்களா?" என்று தட்டிப் பொத்தானை அழுத்தினார்.

கணினி பேசியது. அவள் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாம் நடைமேடையில் வண்டி வரப்போவதைச் சொல்கிற குரல். ஒவ்வொரு சொல்லும் நிறுத்தி, நிமிர்த்தி, கடைசியில் லேசாக இறக்கி. சாப்பிட வரச் சொன்னதைக் கேட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றியது.

"அருமையா இருக்குல்ல?" என்றார் கணவர். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடப் பழக்கம். முன்னால் மைக்கும் அச்சடித்த வாக்கியமும் இருந்தால் அவள் வாய் தானாக வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. வீட்டில் பேசுகிற குரல் அந்தப் பக்கமே வருவதில்லை. செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே தோளைத் தளர்த்தி ஐம்பது வாக்கியம் வாசித்தாள். அதுவும் நடைமேடைக் குரல்தான். தம்பி தன் இலவச மென்பொருளைத் திறந்து, "அக்கா, இதுல என்ன வேணா பேசலாம், எழுதி வெச்சதுதான் பேசணும்னு இல்லை" என்று பேச்சுத்தமிழில் ஐம்பது எழுதிக் கொடுத்தான். "அடச்சீ, தள்ளிப் போ" என்பதைக்கூட அவள் பயணிகளுக்குச் சொல்வது போலவே சொன்னாள். தம்பி முதலில் சிரித்தான், பிறகு எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நிறுவனத்துக்கு வேண்டிய நூற்றைம்பது முடிந்துவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி. சம்மத வாக்கியம். அதைக் கையெழுத்தாகப் போட முடியாது, அவளே தன் வாயால் சொல்ல வேண்டும், அடுத்தவர் குரலை யாரும் திருடிவிடக்கூடாது என்பதற்காக. "என் குரலை இந்நிறுவனம் மட்டுமே சேமிக்கவும் பயன்படுத்தவும் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள். ("மட்டுமே" என்றால், சம்மதித்த பிறகு வேறு எந்த மென்பொருளிலும் அந்தக் குரலை உருவாக்கக்கூடாது.)

5

கணவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். அவரைக் கஞ்சனாக்கினேன், முரடனாக்கினேன். "அவருக்குத் தேவை மனைவி அல்ல, அவளுடைய—"

பிறகு அடித்துவிட்டேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போதும் மேலே ஏறிய பிறகும் அவளுக்கு ஒரு போன் செய்கிற மனுஷன் அவர். "இறங்கறேன்." "சரி." "ஏறிட்டேன்." "சரி." அந்த "சரி" வியாழக்கிழமைக்குப் பிறகு கிடைக்காது. அவர் பயந்து போயிருக்கிறார். பயந்த ஆளை வில்லனாக்குவது சுலபம், அதனால்தான் எனக்குக் கை ஓடியது.

6

புதன்கிழமை மதியம் மூன்று மணி. அவள் தனியாக மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். தம்பியின் மென்பொருளைத் திறந்து, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. என்ன பேசுவதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது கணவர் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். வேர்வையோடு, செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"சொல்லிட்டியா இல்லியா? கம்பெனில இருந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு. ஒரே வாக்கியம், சொல்லித் தொலையேன்!"

"சொல்லலை."

"ஏன்?"

"ஸ்டேஷன்லயும் இப்படித்தான் ஒரு பேப்பரை நீட்டி, என் குரலைப் பதிஞ்சு வெச்சுக்கிட்டாங்க. எட்டு வருஷமா நான் காலால மிதிக்காத ஊர்ல எல்லாம் என் குரல் பேசிட்டிருக்கு. ஒரு நாளாவது என்னைக் கேட்டுப் பேசுச்சா? மிச்சம் இருக்கறதையும் எழுதிக் குடுக்கணுமா?"

"அது வேற, இது வேறடீ!"

"என்ன வேற? நீங்க சந்தா கட்ட மறந்தா நான் ஊமை. அவன் கடையைச் சாத்தினா நான் ஊமை."

"நான் மறப்பேனா? மறக்கிற ஆளா நான்?"

"போன மாசம் கேஸ் புக் பண்ண மறந்தது யாரு?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கேஸிலிருந்து அவர் தங்கை கல்யாணத்துக்குப் போனது, அங்கிருந்து அவள் முதன்முதலில் தொண்டை வலி என்றபோது அவர் வெந்நீர் குடி என்று சொல்லி மூன்று மாதம் தள்ளிப்போட்டதற்கு வந்தது. அங்கே அவர் உடைந்துவிட்டார். உடைந்து கத்தினார்.

"எனக்கு பயமா இருக்குடீ! வீட்டுக்குள்ள வந்தா நீ பேசணும். தகர டப்பா பேசக்கூடாது!"

"தகர டப்பாவா இருந்தாலும் அது என்னோடதுங்க! உங்களைத் திட்டவாவது திட்டும்! அந்தக் கம்பெனிக்காரி உங்களை ஒரு தடவை 'யோவ்'னு கூப்பிடுவாளா?"

நாற்பது நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் அதை அணைக்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அவர் மேசையில் அறைந்தார், அவள் ஏதோ சொன்னாள், இருமல் வந்தது. நிற்கவே இல்லை. கைக்குட்டையில் ரத்தம்.

மருத்துவர் போனில் சீறினார். "இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூச்சு இழுத்தா உடனே தூக்கிட்டு வாங்க." கணவர் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதில், சம்மதத்துக்காக ஒரே ஒரு வாக்கியம், மெதுவாக, அதுவும் அவசியம் என்றால் மட்டும் என்று இறங்கி வந்தார்.

7

தம்பி ஐந்து மணிக்கு வந்து பதிவைக் கேட்டான். ஹெட்போனைக் கழற்றும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, வந்துடுச்சு. உன் வீட்டுக் குரல், முந்நூறு வாக்கியத்துக்கு மேலயே இருக்கு. ஒரு இடத்துல கூட ஸ்டேஷன் இல்லை." கொஞ்சம் தயங்கினான். "ஆனா பாதி இடத்துல மாமா குரல் மேலயே கெடக்கு. பிரிச்செடுக்கணும். யாராவது ஒருத்தர் அதுக்கு ஒரு வழி எழுதியிருப்பாங்க. ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

அதாவது, ஒரு பக்கம் நாளைக்கே தயாரான, பிசிறில்லாத, வாடகைக்கு இருக்கும் நடைமேடைக் குரல். இன்னொரு பக்கம் என்றைக்கு வரும் என்று தெரியாத, சண்டையிலிருந்து பொறுக்கியெடுத்த, அவளுக்கே சொந்தமான குரல்.

முடிவு (அ): அவள் சம்மதிக்கிறாள். கணவர் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து போன் செய்யும்போதெல்லாம் தெள்ளத்தெளிவாக ஒரு "சரி" கேட்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு நொடி நிமிர்ந்து—

முடிவு (ஆ): பதினொரு மாத மௌனத்துக்குப் பிறகு, ஒரு நாள் மடிக்கணினி கரகரவென்று "யோவ்" என்கிறது. அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு நாள் அவளுக்கு நெஞ்சு வலித்து—

இரண்டையும் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. (அ) எழுதினால் தம்பி என்னை முறைக்கிறான். (ஆ) எழுதினால் கணவர், நான் யாருக்குப் போன் பண்றது என்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரி.

8

ஐந்து ஐம்பது. கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவின் கடைசிப் பகுதியைக் கேட்டார். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். அவர் மேசையில் அறைந்து கத்தும் இடம். அதற்கு அடியில் அவள் ஏதோ சொல்கிறாள். நீளமான வாக்கியம். கத்தலே இல்லை அதில். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ நீ என்னம்மா சொன்னே?"

அவள் எழுதிக் காட்டலாம். கைபேசி பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் அதை மெல்லத் தள்ளி வைத்தார். "எழுதாதே. எனக்குக் கேக்கணும்." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். அங்கே சம்மத வாக்கியமும் அதற்குக் கீழே மைக் படமும் காத்திருந்தன. தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் சத்தத்துக்கு அடியில் அவள் சொன்னது என்னவென்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று மன்னிப்பு, ஒன்று ஆசை, ஒன்று அசல் வசவு. மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. மூன்றும் என் குரலில் இருந்தன. இந்தக் கதை முழுக்க அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் மேலே நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பாவம், அந்த மனுஷனாவது நாற்பது நிமிடம்தான் கத்தினார்.

ஐந்து ஐம்பத்தாறு. அவளுக்கு ஒரு வாக்கியத்துக்கு மூச்சு இருக்கிறது. அதை மைக்குக்குச் சொல்வாளா, தரையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வாளா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான் சொன்னால் அது அவள் சொன்னதாகாது. நீங்கள் கிட்டே போய்க் கேளுங்கள்.

அவள் மூச்சை இழுக்கிறாள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.